கேபிள் கட்சியும் வால்வு கட்சியும்: வீட்டிலேயே கண்மறைப்புச் சோதனை நடத்தும் முறை

ஆம்ப்ளிஃபயர் பைத்தியங்கள் நான்கு பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் காபி ஆறுவதற்குள் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். எங்கள் கூட்டத்தில் பல் டாக்டர் கேபிள் கட்சி; கேபிளை மாற்றினால் ஒலியே மாறும் என்பவர். மாம்பலத்து அண்ணா வால்வு கட்சி; டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வால்வு ஆம்ப்தான் உசத்தி என்பவர். ஆடிட்டருக்கு விலைதான் தரம்; ரசீதைப் பார்க்காமல் அவருக்குக் காது கேட்காது என்பார் அண்ணா. நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் மீட்டர்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்கு ‘எல்லாம் ஒன்றுதான் கட்சி’ என்று பெயர் வைத்து ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது அவதூறு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கருவிகளின் ஒலியளவையும் சமப்படுத்தும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

சென்னை நங்கநல்லூரில் என் வீட்டில் இந்தச் சண்டைகளைக் கண்மறைப்புச் சோதனையால், அதாவது எந்தக் கருவி ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வைத்து, எப்படித் தீர்த்துக்கொள்கிறோம் என்பதை இங்கே சொல்கிறேன். வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், ஒரு ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்), ஒரு ரூபாய் நாணயம், பாட்டுக் கருவிகளில் கொஞ்சமும் அக்கறை இல்லாத ஒரு பிள்ளை.

முதலில் எழுதி வாங்குங்கள்

டாக்டர் புதுக் கேபிளோடு வந்து, “பாடகி ஓர் அடி முன்னால் வந்து நிற்கிறார்” என்று கண்ணை மூடினால், ரசித்துத் தலையாட்டிவிட்டு ஒரு தாளை நீட்டுங்கள். எந்தக் கேபிள், எதற்கு எதிராக, எந்தப் பாட்டில் எந்த இடத்தில், என்ன வித்தியாசம் என்று அவர் கைப்படவே எழுதட்டும். எத்தனை சுற்று, எத்தனை சரியாகச் சொன்னால் வெற்றி என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். கையெழுத்து வரை கேட்பது கொஞ்சம் அராஜகம்தான். ஆனால் கையெழுத்துப் போடும்போதுதான் ‘மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்’ சுருங்கிச் சுருங்கி ‘சில பாட்டுகளில் லேசாக’ என்ற இடத்துக்கு வந்து சேரும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

பின்னால் வரப்போகும் சாக்குகளையும் முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆம்ப் சூடேறவில்லை என்பாரா? இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஓடவிடுங்கள். உங்கள் ஸ்பீக்கரில் தெரியாது என்பாரா? அவர் வீட்டுக்கே போய்விடுங்கள். பாட்டு, நாற்காலி, நேரம், ஒலியளவு எல்லாமே அவர் இஷ்டம். வித்தியாசம் கேட்கிறது என்று சொல்பவருக்குச் சலுகைகளில் கஞ்சத்தனமே கூடாது. இப்போது எது ஓடுகிறது என்ற தகவலை மட்டும் தரக் கூடாது.

நிபந்தனைகளை முதலில் முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007இல் நடந்தது நல்ல உதாரணம். 12 அடி நீளம், ஜோடி 7,250 டாலர் என்று விற்ற ஒரு ஸ்பீக்கர் கேபிளைக் கண்ணால் பார்க்காமல் அடையாளம் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருவதாக, போலி நம்பிக்கைகளை அம்பலப்படுத்தி வந்த மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். ஊரெல்லாம் பேச்சு, கடிதம், மறுப்பு. சோதனை நடக்கவே இல்லை.

எதைச் சோதிக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஆம்ப்ளிஃபயர், டாக் (டிஜிட்டல் கோப்பை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி), கேபிள், எம்பி3 கோப்பு ஆகியவை வீட்டுச் சோதனைக்கு ஏற்றவை. ஸ்பீக்கர் கடினம். ஒரே அறையில் ஸ்பீக்கரை ஓர் அடி நகர்த்தினாலே பேஸ் மாறிவிடும். இரண்டு ஜோடிகளை அருகருகே வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது ஸ்பீக்கர்களையா, அவை நிற்கும் இடங்களையா என்று தெரியாது. ஹார்மன் நிறுவனத்தார் இதற்காகவே ஸ்பீக்கர்களை இயந்திரத்தால் நகர்த்தி ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் அறையைக் கட்டினார்கள். அந்த நிறுவனத்தின் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டவர்கள் அதே நிறுவனத்தின் ஊழியர்கள். ஸ்பீக்கர்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இந்தக் கதையை ஆடிட்டரிடம் சொன்னேன். “அவர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள்” என்றார்.

இசைத்தட்டையும் சிடியையும் ஒப்பிடுவது வீண். ஊசி தொட்டதும் வரும் பொரிச் சத்தமே குட்டை உடைத்துவிடும். ஆனால் இசைத்தட்டு அன்பர்களைச் சீண்ட வேறொன்று கைவசம் இருக்கிறது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளை, டிஜிட்டலின் நிழல்கூடப் படாத அனலாக் என்று நம்பிப் பல ஆண்டுகள் கொண்டாடினார்கள். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022இல் வெளியே வந்தது. அதற்கு முந்தைய நாள் வரை எந்தக் காதும் புகார் சொல்லவில்லை. மாம்பலத்து அண்ணா முன்னால் இதைச் சொல்வதாக இருந்தால் வெளியே போகும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியளவு: வேலையில் முக்கால்வாசி இதுதான்

வீட்டில் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை கெடுவது இங்கேதான். ஒரு கருவி அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தால் அது ‘சத்தம் கூட’ என்று காதுக்குத் தெரியாது. ‘தெளிவு கூட’, ‘பேஸ் இறுக்கம்’, ‘மேடை விரிகிறது’ என்றுதான் தெரியும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விலை கூடிய கருவியைக் காட்டும்போது கை தன்னால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றும்.

ஆகவே இரண்டையும் 0.1 டெசிபெலுக்குள் கொண்டுவர வேண்டும். வோல்ட் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு சதவீதம். காதால் முடியாது. கைபேசியில் இருக்கும் ஒலிமானிச் செயலியாலும் முடியாது. கையை ஓர் அங்குலம் நகர்த்தினால் அதன் எண் மாறிவிடும். மல்டிமீட்டர்தான் வழி.

முறை இது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை உண்டாக்கிக் கோப்பாகச் சேமியுங்கள். ஏன் 400? விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றின் ஏசி அளவீடு அதற்கு மேல் போனால் நம்பத்தக்கதல்ல. ஸ்பீக்கர் இணைப்பிலேயே இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் பின்புறத் திருகுகளில் வையுங்கள். ஆம்ப் பக்கத்தில் அளந்தால் கேபிளின் இழப்பு கணக்கில் வராது. முதல் ஆம்பில் வால்யூமை ஏற்றி 2 வோல்ட் காட்டும்படி நிறுத்துங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் இது அரை வாட்தான்; பயப்பட வேண்டாம். ஆனால் ஒலியை நிமிடக்கணக்கில் ஓடவிடாதீர்கள், பக்கத்து வீட்டு மாமி வந்துவிடுவார். பிறகு இரண்டாவது ஆம்பை அதே 2 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். 1.98க்கும் 2.02க்கும் நடுவே இருந்தால் போதும். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். பழைய ஆம்ப்களில் வால்யூம் குமிழின் இரு பக்கங்களும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. பாடகி நடுவிலிருந்து இடப்பக்கம் நகர்ந்து நின்றால் அதை ஆம்பின் ‘குணம்’ என்று வர்ணிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

புதிய ஆம்ப்களில் வேறொரு தொல்லை. வால்யூம் அரை அரை டெசிபெலாகத் தாவும். நீங்கள் விரும்பும் எண் இரண்டு படிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அப்போது குமிழோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாட்டுக் கோப்பைப் பிரதி எடுத்து, அதன் அளவை ஆடாசிட்டியில் 0.2 அல்லது 0.3 டெசிபெல் குறைத்து, 24 பிட்டில் சேமித்து, சத்தம் கூடுதலாக இருக்கும் ஆம்புக்கு அந்தப் பிரதியைக் கொடுங்கள். இதற்கு இரண்டு பிளேயர்கள் வேண்டியிருக்கும். ஒரே பிளேயர்தான் என்றால் ஆம்பின் உள்ளீட்டில் ஒரு சிறிய பொட்டென்ஷியோமீட்டர் (திருகி அளவைக் குறைக்கும் மின்தடை) வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

கேபிள் சண்டையின் விடை பெரும்பாலும் இந்த அளவீட்டிலேயே கிடைத்துவிடும். தெருமுனைக் கடையில் கிடைக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய சிவப்பு-கறுப்பு ஒயரை 5 மீட்டருக்கு இழுத்தால், போய்வர 10 மீட்டர் செம்பு, மின்தடை 0.4 ஓமுக்குச் சற்றுக் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறத்தாழ 0.4 டெசிபெலைத் தின்றுவிடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதே தூரத்துக்கு இழப்பு 0.1 டெசிபெல்கூட இல்லை. மெல்லிய ஒயரைக் கழற்றித் தடித்த கேபிளைப் போட்டதும் ‘உயிர் வந்தது’ என்று டாக்டர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உயிர் வந்தது செம்பின் பருமனால். பெட்டியில் அச்சிட்ட தத்துவத்தால் வந்ததா என்பதைப் பார்க்க, அதே பருமனுள்ள எலெக்ட்ரிக்கல் கடைக் கம்பியைத்தான் எதிரே நிறுத்த வேண்டும்.

சமப்படுத்தும் கலை பழையது. எடிசனின் கம்பெனி 1915 முதல் அமெரிக்காவில் ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் பாடகி, பக்கத்தில் கிராமஃபோன். இடையே விளக்கு அணையும். பாடுவது ஆளா இயந்திரமா என்று கூட்டம் கண்டுபிடிக்க வேண்டும். முடியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அதில் பாடிய அன்னா கேஸ், கிராமஃபோனின் அளவுக்குத் தன் குரலை அடக்கிக்கொண்டதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கையில் மீட்டர் இல்லாமலே சமப்படுத்தத் தெரிந்த அம்மையார்.

மாற்றும் பெட்டி

ஒயரைக் கழற்றி மாட்ட மூன்று நிமிடம் ஆனால் சோதனை காலி. நுணுக்கமான ஒலி வேறுபாடுகள் நினைவில் நிற்பது சில விநாடிகள்தான்; அதற்குப் பிறகு மனம் தானாகவே கதை எழுதத் தொடங்கிவிடும். உடனுக்குடன் மாற்ற ஒரு பெட்டி வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் நான்கு துருவ, இரு திசை ரிலே கேளுங்கள். சுருள் 12 வோல்ட், தொடுமுனை 5 ஆம்பியருக்குக் குறையாமல். இடது கூட்டல், இடது கழித்தல், வலது கூட்டல், வலது கழித்தல் என நான்கு துருவமும் பயன்படும். நடுமுனைகள் ஸ்பீக்கர்களுக்கு, ஒரு பக்கத்து முனைகள் முதல் ஆம்புக்கு, மறுபக்கத்தவை இரண்டாவதுக்கு. கறுப்பு ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டால் இரண்டு துருவம் மிச்சம் என்று யாராவது யோசனை சொல்வார். கேட்காதீர்கள். டி வகுப்பு (கிளாஸ் டி) என்ற வகை ஆம்ப்கள் பலவற்றில் கறுப்பு முனையும் உயிருள்ள முனைதான். எர்த் என்று நினைத்து இன்னொன்றோடு சேர்த்தால் புகை வரும். ரிலே ஒன்றை விட்ட பிறகே மற்றொன்றைத் தொடும் என்பதால் இரண்டு ஆம்ப்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாது.

அண்ணாவின் வால்வு ஆம்புக்குத் தனிச் சலுகை வேண்டும். சுமை, அதாவது ஸ்பீக்கர், இல்லாமல் பாட்டு ஓடினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. அந்தப் பக்கம் ஸ்பீக்கர் இல்லாத நேரத்தில் 8 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்று அதன் இடத்தைப் பிடிக்கும்படி இன்னொரு ரிலே வையுங்கள். மாறும் நொடியில் பாட்டை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ‘டிக்’. ரிலே இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறொரு சத்தம். காது கூர்மையான ஆள் இசையை விட்டுவிட்டு இந்த டிக்கைக் கேட்டே எல்லாச் சுற்றிலும் ஜெயித்துவிடுவார். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். பெட்டியை நீண்ட ஒயரில் பக்கத்து அறைக்குக் கொண்டுபோங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இதே போல் சீறல் ஒலியையும் கவனியுங்கள். பாட்டு இல்லாதபோது ஒரு ஆம்ப் ‘ஸ்’ என்று சீறி மற்றொன்று சீறாவிட்டால் கதை முடிந்தது.

சுருக்கிய எம்பி3யா, எதையும் இழக்காத ஃபிளாக் கோப்பா என்ற சண்டைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் இதற்கென்றே ஒரு துணைக்கருவி இருக்கிறது. மாற்றுவது, கணக்கு வைப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முதல்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

நாணயம் போடும் பிள்ளை

சோதிக்கும் முறையின் பெயர் ஏபிஎக்ஸ். 1950இல் பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் இதை விவரித்து எழுதினார்கள். ‘ஏ’ ஓர் ஆம்ப், ‘பி’ மற்றோர் ஆம்ப். இரண்டையும் பெயர் சொல்லியே வேண்டிய மட்டும் கேட்கலாம். ‘எக்ஸ்’ அவற்றில் ஒன்று, எதுவென்று நாணயம் தீர்மானிக்கும். எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது அழகு, எது உசத்தி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நாணயத்தைக் கட்டாயம் சுண்டுங்கள். மனத்தில் நினைத்து மாற்றினால் மனிதர்கள் ஏ, பி, ஏ, பி என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவர் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடுவார்.

பெட்டியை இயக்குபவர் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும், பேசக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பதவி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் பேத்திக்கு. சம்பளம் ஒரு குல்ஃபி. அவளுக்கு எந்தக் கட்சியும் இல்லை என்பதே தகுதி. முதல் தடவை பாதியில் திரையை விலக்கி, “தாத்தா, ரெண்டிலும் ஒரே பாட்டுத்தானே ஓடுகிறது?” என்று கேட்டாள். டாக்டர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. சுற்று நடக்கும்போது பேசக் கூடாது என்ற விதி அன்றைக்குப் பிறந்தது.

இயக்குபவருக்கு விடை தெரியும் என்றால் கேட்பவருக்கு அவர் முகம், நிழல், மூச்சு எதுவும் எட்டக் கூடாது. 2010இல் இண்டியானாபொலிஸில் பழைய ஸ்ட்ராடிவேரி வயலின்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது, வாசித்த 21 கலைஞர்களுக்கும் வெல்டிங் கண்ணாடியை மாற்றியமைத்து மாட்டிவிட்டார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று மோவாய்க்கட்டையில் வாசனைத் திரவியம் தடவினார்கள். அவர்களுக்கு அதிகம் பிடித்தது புதிய வயலின் ஒன்று. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பழைய வேட்டியைக் கொடியில் போட்டால் போதும்.

பாட்டும் அறையும்

முழுப் பாட்டு வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடி துண்டு ஒன்றைச் சுழலவிடுங்கள். எம்பி3 சோதனைக்கு ஜால்ரா, கஞ்சிரா, கடம் போல் சட்டென்று வெட்டி எழும் ஒலிகள் சிறந்தவை. எம்பி3 ஒலியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. கூர்மையான அடி ஒன்று கட்டத்தின் நடுவே விழுந்தால் அதன் பிசிறு அடிக்கு முன்னாலேயே கசிந்துவிடும். ஜால்ரா தட்டுவதற்கு ஒரு கணம் முன்பு மெல்லிய ‘ஷ்’ ஒன்று கேட்டால் அதுதான். நொடிக்கு 128 கிலோபிட் கோப்பில் அதைப் பிடிக்கப் பழகலாம். 320இல் பிடிப்பவர் என் மரியாதைக்கு உரியவர். கச்சேரிப் பதிவின் முடிவில் வரும் கைதட்டலும் நல்ல வில்லன். குறைந்த அளவில் சுருக்கினால் கைதட்டல் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல் ஆகிவிடும்.

ஆம்ப்களுக்கும் கேபிள்களுக்கும் தம்புராவின் தொடர்ந்த நாதமும் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலும் உதவும். பிங்க் நாய்ஸைக் கேட்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் எல்லா அதிர்வெண்களும் எப்போதும் அதில் இருப்பதால் சிறு மாற்றமும் உடனே தெரியும். தன் கருவியில் மேடை விரிகிறது என்பவர் பிங்க் நாய்ஸில் தோற்றால் பாட்டில் ஜெயிப்பது சந்தேகம்தான்.

சென்னையில் அறையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. மின்விசிறி ஓடினால் நுணுக்கமெல்லாம் அதில் கரைந்துவிடும். நிறுத்தினால் ஆடிட்டர் கரைந்துவிடுவார். ஏசியை முன்னதாகவே ஓடவிட்டு அறையைக் குளிரவைத்து, சுற்றின்போது மட்டும் அணைப்பது எங்கள் வழி. ஸ்டெபிலைசரின் ‘டக்’ சத்தம் கேட்பவரின் கவனத்தைச் சிதறடிக்கும். அதையும் தள்ளி வையுங்கள். நங்கநல்லூரில் கூடுதலாக விமானங்கள். இரவு பதினொன்றுக்கு மேலும் ஒன்று தலைக்கு மேல் போகும். அப்போது அந்தச் சுற்றை நிறுத்தி மீண்டும் தொடங்குவோம். மார்கழி இரவுகள்தான் இதற்கு உத்தமம், விசிறியே தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கேட்கட்டும். நாற்காலியை நகர்த்தக் கூடாது. தலையை அரை அடி சாய்த்தால் ட்ரெபிளில் வரும் மாற்றம், நல்ல ஆம்ப்கள் இரண்டுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது. மற்றவர்கள் பால்கனியில் இருப்பது நல்லது, அவர்கள் புருவத்தை உயர்த்துவதும் ஒரு துப்புதான்.

சுற்றுகளும் கணக்கும்

அசல் சோதனைக்கு முன்னால் ஒரு பொய்ச் சோதனை வையுங்கள். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள், ஒன்று 1 டெசிபெல் குறைவு. இதே பெட்டி, இதே நாற்காலி, இதே பிள்ளை. இதைக் கேட்பவர் கண்டுபிடித்துவிட்டால், ‘சோதனை என்றாலே எனக்குப் பதற்றம், காது அடைத்துவிடும்’ என்ற சாக்கு செல்லாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் கோளாறு பெட்டியிலோ அறையிலோ இருக்கலாம். அன்றைக்குச் சோதனையை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

16 சுற்றுகள் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஊகத்திலேயே பாதி, அதாவது 8 சரியாக வரும். ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 3.8 சதவீதம், 5 சதவீதத்துக்கும் கீழே, ஆகவே 12தான் வெற்றிக்கோடு. 11 எடுத்துவிட்டு ‘கிட்டத்தட்ட’ என்பார்கள். ஊகத்தாலேயே 11 அல்லது அதற்கு மேல் வர 10 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான வாய்ப்பு உண்டு. நேரம் இல்லை, 10 சுற்றுதான் என்றால் 9 வேண்டும். 10க்கு 8 பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஊகத்தால் 8 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 5.5 சதவீதம்.

முன்னிலையில் இருக்கும்போது எழுந்துவிட அனுமதிக்காதீர்கள். ‘ஐந்தில் நான்கு ஆயிற்று, போதும்’ என்று டாக்டர் செருப்பைத் தேடுவார். தாளில் 16 என்று இருக்கிறது அல்லவா, அதைக் காட்டுங்கள். நான்கு சுற்றுக்கு ஓர் ஓய்வு கொடுங்கள், காதும் களைக்கும். இடைவேளையில் மதிப்பெண்ணைச் சொல்லவே கூடாது.

நாணயம் விழுந்த வரிசையைப் பிள்ளை ஒரு தாளில் எழுதுவாள், விடைகளைக் கேட்பவர் வேறொரு தாளில் எழுதுவார். இரண்டையும் ஒப்பிடுவது எல்லாம் முடிந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும்.

தாளைப் படிப்பது

12ஐத் தொட்டுவிட்டால் கைகுலுக்குவதற்கு முன் மீட்டரை எடுங்கள். ஒலியளவு நழுவியிருக்கலாம், கூட்டல் கழித்தல் ஒரு பக்கத்தில் மாறியிருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள், அது பெரும்பாலும் அளக்கக்கூடியதாகவே இருக்கும். அண்ணாவின் வால்வு ஆம்ப் எங்கள் வீட்டில் பிடிபட்டது இப்படித்தான். அதன் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடை) அதிகம். ஸ்பீக்கரின் மின்மறுப்போ அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்தால் சில இடங்களில் ஒலி அரை டெசிபெல், ஒரு டெசிபெல் எழும்பிவிடும். 400 ஹெர்ட்ஸில் சமப்படுத்தினாலும் மற்ற இடங்களில் வித்தியாசம் மிஞ்சும். அண்ணா அதைக் கேட்டது உண்மை. அது வால்வின் ஆன்மா என்பது அவர் கட்சி, லேசான டோன் கண்ட்ரோல் என்பது என் கட்சி. இந்தச் சண்டையை ஏபிஎக்ஸ் தீர்க்காது. சின்ன ஆம்பைச் சத்தமாக வைத்தால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படுவதும் காதுக்குத் தெரியும். பேசும் அளவுக்கு வைத்துக் கேட்டால் தெரியாது.

12ஐத் தொடாவிட்டால் எழுத வேண்டியது இவ்வளவுதான்: இந்த ஆள், இந்தக் கருவிகள், இந்தப் பாட்டு, இந்த இரவில் வித்தியாசம் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. வித்தியாசமே கிடையாது என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆயினும் பெரிய சோதனைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிந்திருப்பது நல்லது. 1978இல் குவாட் நிறுவனத்தின் மூன்று ஆம்ப்களை ஜேம்ஸ் மோயர் ஒரு குழுவுக்குக் கண்மறைத்துப் போட்டுக் காட்டினார். ஒன்று வால்வு, இரண்டு டிரான்சிஸ்டர். குழுவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007இல் மேயரும் மொரானும் உயர்தரப் பதிவுகளின் நடுவே சிடி தரத்துக்கு மாற்றும் கருவியைப் புகுத்திக் கேட்கச் செய்தார்கள். 554 சுற்றுகளில் சரியானவை 276. நாணயமே அதைவிட ஒன்று கூட எடுத்திருக்கும்.

தோற்றவரைக் கிண்டல் செய்யலாம், ஆனால் அன்றைய இரவு மட்டும். பணப் பந்தயம் வேண்டாம், டிபன் பந்தயம் போதும். டாக்டர் கேபிள் சுற்றில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தார். எல்லோருக்கும் அடை அவியல் வாங்கித் தந்தார். கேபிளை இன்றுவரை கழற்றவில்லை. பின்னல் உறை ஊதா நிறத்தில் அழகாக இருக்கிறதாம். அதற்கு மறுப்பு இல்லை.

இப்போது ஆடிட்டர் புதிதாக ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆம்பின் உள்ளே இருக்கும் சாதாரணக் கண்ணாடி ஃபியூஸை எடுத்துவிட்டு விலை உயர்ந்த ஃபியூஸ் போட்டால் வீணையின் மீட்டு தனியாக நிற்கிறதாம். ஃபியூஸை நொடியில் மாற்ற முடியாது. கழற்றி மாட்டிச் சூடேற்றுவதற்குள் காது மறந்துவிடும். ஒரே மாடலில் இரண்டு ஆம்ப்கள் வேண்டும். முதலில் இரண்டிலும் சாதாரண ஃபியூஸ் போட்டு 16 சுற்று நடத்தி, இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகே ஒன்றில் ஆடிட்டரின் ஃபியூஸ். இரண்டாவது ஆம்பை யார் வாங்குவது என்பதில்தான் பேச்சுவார்த்தை நின்றுகொண்டிருக்கிறது.